கடைசி அடி யாருக்கு

என் அண்ணன் ஒரு வருடம் சிறையில் இருந்தான். அதற்குக் காரணமான அடியை அடித்தவள் நான். இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் சுற்றி வளைப்பதாகத்தான் ஆகும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இது தொடங்கியது ஒரு வீடியோ கேமில். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்கும் ஒரு காலத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது.

தீவில், ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் அடுக்குமாடி வீடு, பதினோராவது மாடி. அம்மா, அண்ணன், நான். எனக்கு அப்போது இருபத்தாறு, அவனுக்கு இருபத்தொன்பது. அவன் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். நான் டவுனில் ஒரு அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. வீட்டில் ஒரே டிவி. எட்டு மணிக்கு அம்மாவுக்கு நாடகம் போட்டாக வேண்டும், இல்லையென்றால் இரவுச் சாப்பாடு கிடையாது. ஆகவே ஆறிலிருந்து எட்டு வரைதான் எங்கள் ராஜ்ஜியம்.

இரண்டு பேர் சேர்ந்து ஒரே திரையில் ஆடும் கேம் அது. சதுப்பு நிலம், காடு, இடிந்த கோட்டை என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். எதிரில் வருவதையெல்லாம் கொன்றுகொண்டே இருக்க வேண்டும். அண்ணன் கோடாரிக்காரனை எடுத்துக்கொண்டான். எனக்கு மிஞ்சியது வெள்ளை அங்கி போட்ட வைத்தியக்காரி. அவன் முன்னால் போய் வெட்டுவான். வெட்டுப்பட்டுச் சாகப் போகும்போது நான் பின்னாலிருந்து கோலை நீட்டி அவனுக்கு உயிர் கொடுப்பேன். அவன் மறுபடி வெட்டுவான்.

இதில் ஒரு விதி இருந்தது. ஒரு மிருகம் செத்தால் அதற்கான அனுபவப் புள்ளிகள், அதாவது எக்ஸ்பி, கடைசி அடி யார் கொடுத்தார்களோ அவருக்கே. மற்றவருக்குப் பத்தில் ஒரு பங்கு. அந்தப் புள்ளிகள் சேரச் சேரத்தான் லெவல் ஏறும். லெவல் ஏறினால்தான் நல்ல கவசம், நல்ல ஆயுதம். இந்த விதியை எழுதியவன் வாழ்க்கையில் ஒரு நாளும் அடுப்படியில் நின்றிருக்க மாட்டான் என்று எனக்கு அப்போதே தெரியும். சமைத்தவளை விட்டுவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தவனுக்குப் பாராட்டு கொடுக்கிற ஆள் அவன்.

மூன்று மாதத்தில் அண்ணன் நாற்பத்தொன்றாம் லெவலுக்குப் போய்விட்டான். நான் பதினேழு. அவன் ஒவ்வொரு முறை கொல்லும்போதும் அவன் தலைக்கு மேல் தங்க நிறத்தில் எண் எழும். என் தலைக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று தோன்றி மறையும். புதிய இடங்களில் ஓர் எலும்புக்கூட்டுச் சிப்பாய் விட்ட ஒரே அம்பில் நான் செத்துவிழுவேன். எழுப்பி விட வேறு வைத்தியர் கிடையாது, நான்தானே வைத்தியர். கிடப்பேன். அவன் எல்லாவற்றையும் கொன்று முடித்து, புள்ளிகளை வாரிக்கொண்டு, மெதுவாகத் திரும்பி வருவான்.

"நான் இல்லேன்னா நீ பத்துத் தடவ செத்திருப்ப லா" என்று கத்துவேன்.

"அதுக்குத்தான் கிடைக்கிற சாமானெல்லாம் உனக்குக் குடுக்கிறேன்ல" என்பான்.

கொடுத்தான்தான். அவன் கழற்றிப்போட்ட தோல் செருப்பு, விரிசல் விட்ட கேடயம். அதைப் போட்டுக்கொள்ளக்கூட எனக்கு லெவல் போதாது. வயிறு எரிந்தது. ஒரு கேமுக்கு இவ்வளவு எரிச்சலா என்று கேட்பவர்கள், தினமும் ஒருவனைச் சாகாமல் காப்பாற்றிவிட்டு, அவன் வளர்வதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றதில்லை.

ஒரு நாள் ஆற்று ராட்சதன் வந்தான். இருபது நிமிடச் சண்டை. அண்ணனை நான்கு முறை எழுப்பினேன். என் மருந்தெல்லாம் தீர்ந்தது. கடைசியில் ராட்சதனுக்கு நகக்கண் அளவு உயிர்தான் மிச்சம். நான் கோலை ஓங்கினேன். எனக்கு முன்னால் பாய்ந்து அண்ணன் வெட்டினான். மொத்தமும் அவனுக்குப் போனது. திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

கையில் இருந்த கன்ட்ரோலரை அவன் முகத்தில் எறிந்தேன். யோசித்துச் செய்ததல்ல, ஆனால் குறி பார்த்துத்தான் எறிந்தேன். புருவத்துக்கு மேல் பிளந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கி, சட்டையில் சொட்டியது. கீழே கிளினிக்கில் நாலு தையல். அம்மாவிடம் அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டேன் என்றான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

மறுநாள் சாயங்காலம் அவன் நெற்றியில் பஞ்சோடு வந்து உட்கார்ந்தான். "சரி, இனிமே கடைசி அடி உனக்கு" என்றான்.

அன்றே அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். மிருகத்தை வெட்டி வெட்டி, சாவின் விளிம்புக்குக் கொண்டுவருவான். பிறகு கோடாரியை இறக்கிவிட்டு, அதன் கழுத்தைப் பிடித்து மண்டியிட வைப்பான். அதற்கு ஒரு பட்டன் இருந்தது. பிடித்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடி" என்பான். கத்த மாட்டான். உப்பை எடு என்பது மாதிரிச் சாதாரணமாகச் சொல்வான். நான் அடிப்பேன். தங்க எண் என் தலைக்கு மேல் எழும்.

எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைவிட அதிகம். மண்டியிட்டு நிற்பதை அடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. இல்லை என்பவர்கள் அடித்துப் பார்க்காதவர்கள். அலுவலகத்தில் மேலாளர் என்னை நாய் மாதிரி விரட்டிய நாட்களில், பஸ்ஸில் நின்றுகொண்டே வரும்போது, இன்றைக்கு எத்தனை மண்டை என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருவேன். பன்றி, எலும்புச் சிப்பாய், சேற்று மனிதன், எல்லாம் அண்ணன் கையில் கழுத்தைக் கொடுத்துவிட்டு எனக்காகக் காத்திருக்கும். ஆறு மாதத்தில் நான் ஐம்பத்திரண்டு, அவன் நாற்பத்து நாலு. அவனுக்கு அதில் வருத்தமே இல்லை. உடன் வேலை பார்ப்பவர்களிடம் என் லெவலைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வான்.

ஒரு சனிக்கிழமை அவனுக்கு ஓவர்டைம். நான் தனியாக ஆடிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டாம் லெவல் வைத்தியக்காரி, முதல் காட்டின் முதல் பன்றியிடம் ஏழு முறை செத்தாள். எனக்குக் கடைசி அடி மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னால் உள்ள சண்டை எதுவும் தெரியாது. அணைத்துவிட்டு எழுந்தேன், அவனிடம் சொல்லவில்லை.

அந்த வருடம் அண்ணனுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். பெண்ணுக்குக் கெப்பாலா பத்தாஸ் ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து சாப்பிட வருவதாக இருந்தது. காலையில் நானும் அண்ணனும் இறால் வாங்க ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போனோம். நான் ஓட்டினேன். இடம் கிடைக்கவில்லை. நிறுத்தியிருந்த கார்களுக்குப் பின்னால், இரண்டாவது வரிசையில் குறுக்கே நிறுத்தினேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் நிறுத்துவோம். ஆனால் அதற்கு ஒரு மரியாதை உண்டு: கியரை ஃப்ரீயில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் நம் காரைக் கையால் தள்ளி நகர்த்திவிட்டு, தன் காரை எடுத்துக்கொண்டு போவார். நம்மைத் தேடவும் மாட்டார், திட்டவும் மாட்டார்.

"ஃப்ரீயில போட்டியா?" என்று அண்ணன் கேட்டான்.

"போட்டேன் போட்டேன்" என்றேன். கியரை ஃப்ரீயில்தான் போட்டிருந்தேன். ஆனால் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டேன் என்று பத்தடி நடந்ததும் ஞாபகம் வந்தது. திரும்பிப் போகச் சோம்பல். கால் மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று நினைத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது.

திரும்பி வந்தபோது எங்கள் காரின் பக்கக் கண்ணாடி உடைந்து ஒயரில் தொங்கியது. பக்கத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், தமிழர்தான், கட்டம்போட்ட சட்டை, வியர்வையில் குளித்து நின்றார். அவர் காரின் கூரைமேல் மீன் பைகள். பனிக்கட்டி உருகித் தண்ணீர் கண்ணாடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு பேரைக் கூப்பிட்டு, மூன்று பேராகத் தள்ளியும் எங்கள் கார் அசையவில்லை, கண்ணாடிதான் உடைந்தது.

"ஹேண்ட்பிரேக்கப் போட்டுட்டுப் போயிருக்கீங்களே, மூளை இருக்கா?" என்றார்.

அண்ணன் என்னை நம்பினான். அதுதான் அன்றைக்கு நடந்த எல்லாவற்றிலும் பெரிய கொடுமை. "ஃப்ரீலதான் இருக்கு அண்ணே, நல்லாத் தள்ளிப் பாருங்க" என்றான், உண்மையாகவே. கண்ணாடிக்கு யார் பதில் சொல்வது என்றும் கேட்டான்.

அவர் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார். கறிக்கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். அண்ணன் இறால் பையைக் கீழே வைத்தான். பிறகு அவர் வயிற்றில் ஒன்று, வாயில் ஒன்று. அவர் அண்ணனின் கழுத்தைப் பிடித்து எங்கள் கார்மேல் நெற்றி மோதத் தள்ளி, முழங்காலால் தொடையில் இடித்தார். நல்ல பலம். அண்ணனுடைய பழைய தையல் தழும்பு கிழிந்து ரத்தம் வந்தது.

நான் கார்க் கதவைத் திறந்தேன். முதல் வேலையாக ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். சண்டையை நிறுத்த அல்ல. நான் சொன்ன பொய் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. பிறகுதான் சீட்டுக்கு அடியில் கிடந்த ஸ்டீரிங் பூட்டு கையில் பட்டது. முழங்கை நீள இரும்பு. எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அதற்குள் அண்ணன் அவரை மடக்கியிருந்தான். அவர் தரையில் மண்டியிட்டிருந்தார், வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் நூலாகத் தொங்கின. அண்ணன் அவர் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து முறுக்கிப் பிடித்திருந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"அடி" என்றான். வீட்டில் சொல்கிற அதே குரலில், அதே சாதாரணமாக.

அடித்தேன். இடது பக்கம், காதுக்குக் கீழே. முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம் கேட்டது. அவர் பக்கவாட்டில் சாய்ந்து, உருகிய பனித் தண்ணீரில் விழுந்தார். அந்த ஒரு நொடி எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்ல வேண்டுமென்றால், நன்றாக இருந்தது.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. தான் சொன்னதை அப்போதுதான் அவன் காது கேட்டது போலிருக்கிறது. பாய்ந்து என் கையிலிருந்து இரும்பைப் பிடுங்கினான். கூட்டம் நெருங்கியபோது இரும்பு அவன் கையில் இருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள், அதைத்தான் சொன்னார்கள். நானாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்த பெண் போலீஸ் என் தோளைத் தட்டி, குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

அடிபட்டவருக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்தது; இடது காது கேட்காமல் போனது. அண்ணன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பதினெட்டு மாதம் தீர்ப்பு. ஒழுங்காக நடந்துகொண்டால் பன்னிரண்டில் விடுவார்கள் என்றார் வக்கீல். வேலை போனது. கெப்பாலா பத்தாஸ்காரர்கள் தட்டு வரிசையைத் திருப்பி அனுப்பினார்கள். அம்மா அழுது முடித்துவிட்டு என்னிடம், "நீயாச்சும் புத்தியா இருக்கியே" என்றார். நான் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஏன் சொல்லவில்லை? அண்ணன் கண்ணாலேயே வேண்டாம் என்றான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். ஜெயிலுக்குப் போகப் பயம்.

வாரம் ஒரு தடவை பார்க்கப் போவேன். நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் ஃபோன். "அம்மா எப்படி? சாப்பிட்டியா?" என்பான். எல்லாம் நல்லாருக்கு என்பேன். ஒரு தடவை மட்டும், "நான் அடின்னு சொன்னேன்ல, வாயில தானா வந்துருச்சு" என்றான். ஒவ்வொரு வாரமும் நேரம் முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். பாசம் என்று நினைத்தேன்.

ஐந்தாவது மாதம் பாலம் தாண்டித் தாசேக் கெலுகோருக்குப் போனேன், அடிபட்டவர் வீட்டுக்கு. அவரே போலீசில் போய் உண்மையைச் சொன்னால் அண்ணனை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை எழுத வெட்கமாக இருக்கிறது: என் அடியை அண்ணன் தன் பேரில் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்ற எரிச்சலும் உள்ளே இருந்தது. மறுபடி நான் பின்னால் நிற்கிற வைத்தியக்காரி ஆகிவிட்டேன்.

ரப்பர் தோட்டத்தை ஒட்டிய சின்ன வீடு. அவர் மனைவி உட்காரச் சொல்லிவிட்டு மைலோ கலக்க உள்ளே போனார். எதிரில் உட்கார்ந்திருந்த கணவரின் தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கேட்கிற காதின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணே, அன்னிக்கு உங்கள அந்த இரும்பால அடிச்சது எங்கண்ணன் இல்ல. நான்தான்."

"தெரியும்" என்றார்.

நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தேன்.

"மண்டி போட்டுட்டு ஒன்னத்தான பாத்துட்டிருந்தேன். அதுக்கு முன்னாடி கார்க் கதவத் தெறந்தது, ஹேண்ட்பிரேக்க எறக்குனது, எல்லாம் பாத்தேன்."

"அப்ப ஏன் போலீஸ்ல அவன் பேரச் சொன்னீங்க?"

அவர் வாசலைப் பார்த்தார். "ஒரு பொம்பளப் புள்ள அடிச்சுத் தாட ஒடஞ்சிருச்சுன்னு நான் சொல்லவா? இங்க நாலு பேரு மூஞ்சில முழிக்க வேணாமா? ஒங்கண்ணன் கையிலதான் இரும்பு இருந்துச்சு. அதோட போகட்டும்னு விட்டேன்."

ரத்தம் தலைக்கேறியது. இவருடைய வெட்கத்துக்காக என் அண்ணன் உள்ளே கிடக்கிறான். இன்னொரு பக்கத் தாடையையும் உடைக்க வேண்டும் போலிருந்தது. எழுந்து நின்றேன். எழுந்து நின்றதுதான் நான் செய்தது. அவர் இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். நாற்காலி சுவரில் இடித்தது. தட்டோடு வந்த மனைவி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"போயிரும்மா" என்றார் அந்த அம்மா.

வாசலில் செருப்பு போடும்போது அவர் கணவர் உள்ளிருந்து சொன்னார். "நீயாப் போயி ஒத்துக்கிட்டா நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். நானாப் போயிச் சொல்ல மாட்டேன். அவ்ளோதான்."

ஆக, வழி இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு போலீஸ் நிலையங்களும் இருந்தன. இரண்டையும் தாண்டி, பாலத்தில் ஏறி, தீவுக்கு வந்துவிட்டேன். பயம் மட்டும் காரணமல்ல. அந்த மனிதர் முகத்தை மறைத்தபோது எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அடித்தது நான் என்று அவர் உடம்புக்குத் தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது. காரில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அண்ணன் வெளியே வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அவனிடம் சொன்னேன். மத்தியானம், அம்மா கோவிலுக்குப் போயிருந்தார். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான், நெற்றித் தழும்பு அகலமாகத் தெரிந்தது. தாசேக் கெலுகோர் போனது, அவர் சொன்னது, எல்லாம் சொன்னேன். ஹேண்ட்பிரேக்கையும் சொன்னேன். அதற்கு அவன் லேசாகத் தலையாட்டினான்.

"எப்போ போன?"

"நீ உள்ள போன அஞ்சாவது மாசம்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அதுக்கப்புறம் ஏழு மாசம்" என்றான்.

"நீதானே சொல்ல வேணாம்னு இருந்த" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவன் கோபப்படவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"நீ ஒவ்வொரு வாரமும் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து ஃபோன எடுக்கறப்போ, இன்னிக்குக் கேப்பா, நான் போயி ஒத்துக்கவா அண்ணேன்னு கேப்பான்னு நெனப்பேன். வேணாம்மா, நீ அம்மாவப் பாத்துக்கன்னு சொல்றதுக்கு ரெடியா இருப்பேன். உன்ன நான் விட்டிருக்க மாட்டேன். ஆனா நீ ஒரு தடவகூடக் கேக்கல."

எழுந்து போய்த் தட்டைக் கழுவினான். அன்றைக்கு அவனுக்கு ஒரு வேலைக்கு நேர்காணல் இருந்தது.